புரட்டாசியில் தேன்பெட்டியைத் திறந்தால்

சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாந்தோப்புகளில் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் பயப்படுகிற காரியம் ஒன்று உண்டு. காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். அடைகள் அப்படியே தொங்கும். செத்த தேனீ ஒன்றுகூடக் கீழே கிடக்காது. தேன் இருந்த அறைகளில் ஒரு சொட்டுகூட மிச்சமிராது. முட்டை இல்லை, புழு இல்லை. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்ததால்தான் என்பார் இன்னொருவர். மருந்தென்றால் வாசலில் பிணங்கள் குவிந்திருக்கும். திருட்டென்றால் அடையும் போயிருக்கும். இரண்டும் இல்லை. பசி தாங்காமல் தேனீக்களே குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டன.

நம் ஊர்ப் பெட்டிகளில் வாழ்வது ஏபிஸ் செரானா இண்டிகா. மரப் பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவதால் அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றெல்லாம் பெயர். ஐரோப்பாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஏபிஸ் மெல்லிஃபெராவுக்கு இது நெருங்கிய சொந்தம்தான். ஆனால் பசி வந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஐரோப்பியத் தேனீ பெட்டியை விட்டு அவ்வளவு எளிதில் போகாது. கடைசித் துளியைத் தேடி அறைக்குள் தலையை நுழைத்தபடியே செத்திருக்கும். பட்டினியால் அழிந்த பெட்டிக்கு அதுவே அடையாளம். நம் தேனீ சாகும்வரை காத்திருக்காது, போய்விடும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பனி மூடிய நாட்டில் வீட்டை விட்டு வெளியேறுவது தற்கொலை. அங்கே எந்தத் திசையில் பறந்தாலும் பூ இல்லை. வெப்ப நாட்டில் நிலைமை வேறு. இங்கே பூக்கவில்லை என்றால் ஒரு மலை தாண்டிப் பூத்திருக்கும். சித்தூர், திருப்பதிப் பக்கம் இதற்கு நல்ல உதாரணம். கீழ்த் திருப்பதிக்கும் மேல் திருமலைக்கும் உயரத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் வித்தியாசம். மேற்கே மதனப்பள்ளி மேட்டுநிலம் ஒரு மாதிரி, கிழக்கே காளஹஸ்தி, சத்தியவேடு பக்கத்துச் சமவெளி இன்னொரு மாதிரி. மேற்கில் ஆடி ஆவணி மழைக்கு ஓரளவு பங்குண்டு, கிழக்கு பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. மழை மாறினால் பூக்கும் மாதமும் மாறும். இப்படிப்பட்ட நாட்டில் கிளம்பிப் போகத் தெரிந்த கூட்டம்தான் பிழைத்தது. மலைத்தேனீக்கும் இதே குணம்தான். பாறை முகட்டிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடை தொங்கவிடும் அந்தத் தேனீ, பருவம் மாறியதும் இடம் பெயர்ந்து, அடுத்த பருவத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. அடுக்குத் தேனீ அப்படித் திரும்புவதில்லை. போனால் போனதுதான்.

ஐரோப்பா, அமெரிக்காவில் எழுதப்பட்ட தேனீ வளர்ப்புப் புத்தகங்கள் பலவற்றில் செப்டம்பர் மாதத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கும். குளிர்காலம் வரப்போகிறது, பெட்டிக்கு 15, 20 கிலோ தேன் இருப்பு வேண்டும், இல்லையென்றால் கெட்டியான சர்க்கரைப் பாகு ஊற்றுங்கள் என்று அவை சொல்லும். அந்த அறிவுரையை அப்படியே எடுத்து வந்து நம் பெட்டிக்குப் பொருத்துவது சரியாகாது. நல்ல வருஷத்திலேயே ஓர் இந்தியத் தேனீப் பெட்டியில் மொத்தமாகக் கிடைப்பது 5 கிலோவோ 10 கிலோவோதான். நாம் கடக்க வேண்டியது குளிரையும் அல்ல. ஆடிக் காற்றில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரை நீளும் பூவில்லாக் காலத்தைக் கடக்க வேண்டும்.

பூவில்லாக் காலம் என்றால் புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சை வேறு, தேனீயின் வயிற்றுக்கு ஆகிற பச்சை வேறு. இந்தச் சீமையில் ஆடி ஆவணியில் மானாவாரி நிலம் பெரும்பாலும் நிலக்கடலை. மஞ்சள் பூ தரையெல்லாம் பூத்திருக்கும். ஆனால் கடலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பூ, தேனீயை அழைக்க அதற்கு அவசியமே இல்லை. நெல்லும் கரும்பும் காற்றை நம்பும் புல் வகை, அவற்றில் மது கிடையாது. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும் பூத்து, பிறகு புளி பூத்து ஓய்ந்ததும் தேனீக்குப் பெரிய சாப்பாடு முடிந்துவிடுகிறது. அதன்பின் வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டு, தென்னம்பாளை, கம்பு, மக்காச்சோளத்தின் மகரந்தம் என்று அரை வயிற்றுக் கஞ்சிதான். துவரை பூக்கவும் பூந்திக்கொட்டை மரம் பூக்கவும் இன்னும் நாளிருக்கிறது. இடையில் வருவது புரட்டாசி.

ஆகவே புரட்டாசியில் பெட்டியைத் திறப்பது எவ்வளவு தேன் இருக்கிறது என்று பார்க்க மட்டுமல்ல. தேனீக்கள் இருக்கப்போகின்றனவா, போகப்போகின்றனவா என்று தெரிந்துகொள்ளத்தான் முக்கியமாகத் திறக்கிறோம். நல்ல வேளையாக, அவை ஒரே இரவில் முடிவெடுப்பதில்லை. முதலில் வெளியிலிருந்து வரும் மகரந்தமும் மதுவும் குறைகிறது. அதனால் ராணிக்குக் கிடைக்கும் தீனி குறைகிறது. ராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். இருக்கும் புழுக்கள் கூட்டுப்புழுவாகி, மூடி உடைத்து வெளியே வரும்வரை கூட்டம் பொறுத்திருக்கும். கடைசிக் குஞ்சும் வந்த பிறகு மிச்சத் தேனை வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பும். முட்டை ஒன்று தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள் ஆகும். முட்டை நின்ற நாளுக்கும் வாசல் வெறிச்சோடும் நாளுக்கும் இடையே அவ்வளவு அவகாசம் நமக்கு இருக்கிறது. 10 நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், தப்பவிட மாட்டோம். எறும்பு ஏறினாலோ, அந்துப்புழு அடையைத் துளைத்தாலோ, யாராவது ஓயாமல் பெட்டியைத் திறந்து தொந்தரவு செய்தாலோ மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. அப்போது புழுக்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும்.

பெட்டியைத் திறக்க மழையில்லாத நாளில் காலை 8 மணிக்கு மேல் நல்லது. இளசுகள் உள்ளே, பெரியவை வெளியே என்று கூட்டம் பாதியாகப் பிரிந்திருக்கும் நேரம் அது. புகை அதிகம் போட வேண்டாம். இங்கே பெரும்பாலும் பயன்படுவது நியூட்டன் பெட்டி. 1910-களில் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்புக் கற்றுக்கொடுத்த பாதிரியார் நியூட்டன், நம் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்தின் அளவுக்கும் தகுந்தபடி சிறியதாக அமைத்த பெட்டி. சட்டத்தை எடுக்கும்போது எப்போதும் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், படுக்கவைத்தால் இளம் அடை முறிந்துவிடும். வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தோளுக்கு மேலாக வெளிச்சம் நேராக அறைக்குள் விழும்படி சட்டத்தைச் சற்றே சாய்த்தால், அறையின் அடியில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். அதுதான் முட்டை. குத்திட்டு நின்றால் இன்று இட்டது. சாய்ந்திருந்தால் நேற்று. படுத்துக் கிடந்தால் அதற்கு முந்தினது, சீக்கிரமே பொரியும். நின்ற முட்டை கண்ணில் பட்டுவிட்டால் ராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை, உள்ளேதான் இருக்கிறது, வேலையும் செய்கிறது.

அடுத்துப் புழுக்களைப் பார்க்க வேண்டும். நல்ல புழு அறையின் அடியில் சுருண்டு, முத்துப் போல் பளபளக்கும். அது நிமிர்ந்து மல்லாந்து கிடந்து, தலை மட்டும் கறுத்து மேலே தூக்கி, உடம்பு நீர் கோத்த பை ஆகியிருந்தால் அது சாக்புரூட் என்ற வைரஸ் நோய். குச்சியால் எடுத்தால் தண்ணீர்ப் பையாகவே வெளியே வரும். இந்த வைரஸின் தாய்லாந்து வகை 1991, 92-இல் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் புகுந்து இந்தியத் தேனீப் பெட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்தது. அந்த மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வெறும் பெட்டியோடு நின்றன. இதற்கு மருந்து இன்றுவரை கிடையாது. வலுவான கூட்டம் சீக்குப் புழுவைத் தானே இழுத்து வெளியே போட்டுத் தேறிவிடும், மெலிந்த கூட்டம் தேறாது. அதனால்தான் புரட்டாசித் தீனி வெறும் பசிக்கான தீனி அல்ல என்று சொல்கிறேன். நோயுள்ள பெட்டியின் அடையை வேறு பெட்டியில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.

நோயில்லாத தோட்டமாக இருந்தால், முட்டை நின்றுபோன பெட்டிக்கு இன்னொரு பலமான பெட்டியிலிருந்து இளம் புழு உள்ள சட்டம் ஒன்றைக் கொடுப்பது நல்ல வழி. புழு இருக்கும்வரை கூட்டத்துக்குக் கிளம்ப மனம் வராது. அதோடு தேனீ போர்த்தாத வெற்றடைகளை எடுத்துவிட்டு, பிரிவுப் பலகை வைத்து இடத்தைச் சுருக்க வேண்டும். புழு வளரும் இடம் 34, 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தாக வேண்டும். மழை ஈரத்தில் கையளவு கூட்டம் பெரிய பெட்டியைச் சூடாக்கப் பார்த்தால் இருக்கிற தேனும் அந்தச் சூட்டுக்கே செலவாகிவிடும். போர்வையில்லாத அடையில் அந்துப்பூச்சி முட்டையிடும் என்பது இன்னொரு காரணம். மேலே இருக்கும் தேன் அறையை இந்தப் பருவத்தில் கழற்றி வைத்துவிடலாம். தாங்கியின் நான்கு கால்களும் நிற்கும் கிண்ணங்களில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மழைக் காலத்தில் எறும்பு உயரம் தேடி ஏறும்.

இனி தீனி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தியத் தேனீக்குச் சொல்லும் அளவு, பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான். சித்தூர்ச் சீமை வெல்லத்துக்குப் பேர் போனது, மலிவாகவும் கிடைக்கும். ஆனால் வெல்லத்தில் சர்க்கரையோடு தாது உப்புகளும் வேறு பொருள்களும் இருக்கின்றன. நமக்கு நல்லதான அவை தேனீயின் குடலில் செரிக்காமல் தங்கும். மழையில் நாள் கணக்கில் வெளியே போய் மலம் கழிக்க வழியில்லாத தேனீக்கு அதனால் வயிற்றோட்டம் வரும். கடைத் தேனும் வேண்டாம், அதன் வழியே எந்த நோய் வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீரைச் சூடாக்கி இறக்கிய பிறகு சர்க்கரையைக் கரைத்து ஆறவைத்தால் போதும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. எலுமிச்சை பிழிந்து கொதிக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அமிலமும் சூடும் சேர்ந்தால் ஹைட்ராக்சிமெதில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் உண்டாகும், அது தேனீக்கு விஷம்.

கொட்டாங்குச்சியில் பாகை ஊற்றி, ஈர்க்குச்சித் துண்டுகள் நாலைந்தை மிதக்கவிட்டு, அடைகளுக்கு மேலே மூடிக்குள் வைக்கலாம். குச்சி இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூழ்கிச் சாகும். ஊற்றும் நேரம் பொழுது சாய்ந்த பிறகு. எல்லாப் பெட்டிகளுக்கும் அதே மாலையில் கொடுத்துவிட வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றை விட்டால், பசித்த பெட்டி கொடுத்த பெட்டியைக் கொள்ளையடிக்கும். வாசலில் சண்டை மூண்டு, மெலிந்த கூட்டம் ஒரே நாளில் ஒழிந்துபோகும். ஒரு சொட்டுகூடப் பெட்டிக்கு வெளியே சிந்தக் கூடாது.

சம அளவு தண்ணீரா, பாதித் தண்ணீரா என்ற கேள்விக்குத் தேனீ செய்யும் வேலையை வைத்துக் கணக்குப் போடலாம். சர்க்கரைக் கரைசலைத் தேனீ அப்படியே சேமிப்பதில்லை. தன் சுரப்பியின் நொதியைச் சேர்த்து சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பிறகு அறைகளில் மெல்லியதாகப் பரப்பி, இறக்கையால் விசிறி, ஈரம் 20 சதவீதத்துக்கு அருகில் வரும்வரை வற்றவைக்கிறது. 200 கிராம் சர்க்கரையை 200 கிராம் தண்ணீரில் கொடுத்தால், கடைசியில் தேறுவது 250 கிராம், விசிறி விரட்ட வேண்டிய தண்ணீர் 150 கிராம். அதே சர்க்கரையை 100 கிராம் தண்ணீரில் கொடுத்தால் விரட்ட வேண்டியது 50 கிராம்தான், மூன்றில் ஒரு பங்கு. வெளிக்காற்றே ஈரம் சொட்டும் கார்த்திகையில் இந்த வித்தியாசம் பெரிது. 2021 நவம்பரில் திருப்பதியைச் சொர்ணமுகி வெள்ளம் சூழ்ந்த நாட்களைப் போல விடாமல் கொட்டும்போது கெட்டிப் பாகுதான் ஏற்றது. மழை வெறித்த புரட்டாசி நாட்களில் நீர்த்த பாகு நல்லது. அது பூவின் மதுவுக்கு நெருக்கமானது, எங்கோ பூக்கத் தொடங்கிவிட்டது என்று கூட்டம் எடுத்துக்கொள்கிறது, ராணிக்குத் தீனி கூடுகிறது, முட்டை தொடங்குகிறது. ஆனால் நீர்த்த பாகு இரண்டு நாளில் புளித்துவிடும். ஓரிரவில் குடித்து முடிக்கும் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

சர்க்கரையால் முடியாத காரியம் ஒன்றும் உண்டு. அது அடுப்புக்கு விறகு மாதிரி, உடம்பை வளர்க்காது. புழுவுக்கு ஊட்டும் பாலைச் செவிலித் தேனீ தன் தலைச் சுரப்பியில் சுரக்க வேண்டுமானால் மகரந்தம் தின்றாக வேண்டும். வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பின்னங்காலில் மஞ்சளோ வெள்ளையோ உருண்டை சுமந்து தேனீ வருகிறதா? வந்தால் பாகு முட்டையாக மாறும். வராவிட்டால் எத்தனை பாகு ஊற்றினாலும் கூட்டம் நாளைக் கடத்துமே தவிரப் பெருகாது. சோயா மாவும் ஈஸ்ட்டும் பால்பவுடரும் பிசைந்த உருண்டை கொடுக்கும் முறை உண்டு. நான் அதைவிடத் தோட்ட ஓரத்தில் இரண்டு வரிசை கம்போ மக்காச்சோளமோ, ஆவணி புரட்டாசியில் பூக்கும்படி பார்த்து விதைப்பதையே சொல்வேன்.

ஆனி மாதத்தில் தேன் எடுக்கும்போது ஒன்றிரண்டு அடையைத் தொடாமல் விட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேனில் சர்க்கரை மட்டும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தேனில் காணப்படும் பி-கூமாரிக் அமிலம் ஐரோப்பியத் தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவதைக் கண்டார்கள். அந்த அமிலம் மகரந்தச் சுவரிலிருந்து வருவது. சர்க்கரைப் பாகில் அது கிடையாது. கிலோ கணக்கு பார்த்து எல்லா அடையையும் சுழற்றியெடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை வாங்க ஓடுவது, தேனீக்கும் நமக்கும் சேர்த்து நஷ்டம்.

இவ்வளவு பாடும் எந்த நாளுக்காக? சித்தூரின் தோதாபுரி மா மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை பூக்கும். மாம்பூவில் மொய்ப்பவை பெரும்பாலும் ஈக்கள்தான், தேனீக்கு அது பெரிய விருந்தல்ல. ஆனாலும் அந்த மகரந்தத்தில் கூட்டம் பெருகினால்தான் பங்குனியில் புங்கமும் வேம்பும் பூக்கும்போது தேன் சேர்க்க ஆள்பலம் இருக்கும். தை முதல் தேதியில் பூவுக்குப் பறக்கும் தேனீயை எடுத்துக்கொள்வோம். பிறந்து இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை பார்த்த பிறகே அது வெளியே போகிறது. முட்டையிலிருந்து வெளிவர 20 நாள். ஆக, அதன் முட்டை கார்த்திகைப் பிற்பாதியிலேயே விழுந்திருக்க வேண்டும். அந்தப் புழுவுக்குப் பாலூட்டிய அக்கா ஐப்பசியில் முட்டையாக இருந்தவள். அவளை வளர்த்தவர்கள் புரட்டாசிக் கூட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள். மார்கழியில் பூ மொட்டைப் பார்த்தபின் பாகு கரைக்க ஓடுபவருக்குப் பெட்டி நிறைய வயிறுகள் கிடைக்கும், உழைக்கும் கால்கள் மாசி கடந்துதான் கிடைக்கும்.

இத்தனை மாதம் காப்பாற்றிய கூட்டத்தை ஒரே காலையில் தொலைக்கவும் முடியும். மாம்பூவைத் தாக்கும் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை அடிக்கிறார்கள். பூ விரியும் முன் அடித்தால் ஓரளவு தப்பிக்கலாம். விரிந்த பூவில் பகலில் அடிப்பது தேனீக்கும், காய் பிடிக்க உதவும் ஈக்களுக்கும் சேர்த்து வைக்கும் கொள்ளி. பெட்டி வைத்திருப்பவர் மார்கழியிலேயே சுற்றுப்பட்ட தோப்புக்காரர்களிடம் பேசி, என்றைக்கு அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் முந்தின இரவே பெட்டியை வேறிடம் நகர்த்த வேண்டும்.

பாகை எப்போது நிறுத்துவது என்பதைத் தேனீயே சொல்லும். அடையின் மேல் விளிம்பில் புது மெழுகு வெள்ளையாகப் படரத் தொடங்கினால், சட்டத்தை லேசாக உலுக்கும்போது புது மது துளியாகத் தெறித்தால், அன்றோடு கொட்டாங்குச்சியை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றும் பாகு அறுவடைத் தேனில் கலக்கும். கலந்தால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. நாம் ஊற்றும் சர்க்கரையைத் தரும் கரும்பு, காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறையில் மாவுக்கும் வேம்புக்கும் புளிக்கும் மாறுபட்ட செடி. சி4 வகை என்று பெயர். அதன் சர்க்கரையில் கனத்த கார்பன்-13 அணுக்களின் பங்கு சற்றே கூடுதல், தேனீயின் வயிற்றில் போய் வந்தாலும் அந்தப் பங்கு மாறாது. ஆய்வகத்தில் நிறமாலைமானியில் வைத்தால் தெரிந்துவிடும். இந்தியத் தர விதிப்படி தேனில் இந்தச் சி4 சர்க்கரை 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே தேன் அறையைப் பாகு நிறுத்திய பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். புழு அறையில் தங்கிவிட்ட பழைய பாகு அடைகள் அங்கேயே இருக்கட்டும், கூட்டம் பெருகும் தை, மாசியில் அவற்றைத் தேனீக்களே தின்று தீர்த்துவிடும்.